பிறவாதவர் என்னும் பெயர்

கிறிஸ்தவ இறையியல் வரலாற்றில் 'ஓமோஊசியோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கிடைத்த புகழில் சிறு பங்குகூட அதற்கு எதிராக நிறுத்தப்பட்ட 'அகென்னேட்டோஸ்' என்னும் சொல்லுக்குக் கிடைத்ததில்லை. கிறிஸ்து தந்தையாகிய கடவுளோடு ஒரே உள்பொருள் உடையவர் என்பதைச் சொல்லும் முதற்சொல், கி.பி. 325இல் நைசியாவில் கூடிய பொதுச்சங்கத்தின் விசுவாசப் பிரமாணத்தில் ஏறி, 381இல் விரிவாக்கப்பட்ட வடிவில் உலகத் திருச்சபைகளின் வழிபாட்டில் இடம்பெற்று, தமிழ்த் தேவாலயங்களிலும் மொழிபெயர்ப்பாக ஓதப்பட்டு வருகிறது. இரண்டாவது சொல்லோ, பிறப்பு என்னும் நிகழ்ச்சியால் தோன்றாதவர், எவராலும் ஈன்றெடுக்கப்படாதவர் என்று பொருள்படுவது. ஒரு தலைமுறைக் காலம் கான்ஸ்டான்டினோபிளின் கடைத்தெருவரை பேசப்பட்டு, பின்னர் இறையியல் மாணவர்களின் பாடநூல்களுக்குள் ஒதுங்கிவிட்டது. ஆயினும், மனிதரின் சொற்கள் கடவுளைத் தொடுகின்றனவா என்ற கேள்வியைக் கிறிஸ்தவச் சிந்தனை முதன்முறையாக ஊன்றி ஆராய நேர்ந்தது, வென்ற சொல்லால் அன்று. தோற்ற இந்தச் சொல்லால்தான் என்று துணிந்து கூறலாம்.

கிரேக்கத்தில் ஒலியால் மிக நெருங்கிய இரு சொற்கள் உண்டு. 'ஆகுதல், தோன்றுதல்' என்னும் வினையடியிலிருந்து பிறந்த 'அகெனேட்டோஸ்', தொடக்கமின்றி என்றும் உள்ளதைக் குறிக்கும். 'ஈனுதல், பிறப்பித்தல்' என்னும் வினையடியிலிருந்து பிறந்த 'அகென்னேட்டோஸ்', பெற்றோர் இல்லாததைக் குறிக்கும். எழுத்தில் இரண்டையும் பிரிப்பது 'நூ' என்னும் ஒரே மெய்யெழுத்தின் இரட்டிப்பு. அதை ஏடெழுதுவோர் அடிக்கடி தவறவிட்டனர் என்பது ஒருபுறமிருக்க, தொடக்க நூற்றாண்டுகளின் எழுத்தாளர்களுக்கே அவ்விரண்டையும் வேறுபடுத்த வேண்டிய தேவை தோன்றவில்லை. கிரேக்க மெய்யியலில் முதற்பொருளைக் குறிக்க வழங்கிய இந்த அடைமொழியை இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் போன்ற கிறிஸ்தவ அறிஞர்கள் கடவுளுக்குச் சூட்டினர். படைக்கப்பட்ட உலகிலிருந்தும் பிறந்து இறக்கும் புராணத் தெய்வங்களிலிருந்தும் தங்கள் கடவுளை வேறுபடுத்திக் காட்ட அது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அந்தியோக்கியாவின் இக்னாத்தியுஸ் கிறிஸ்துவையே ஒரே மூச்சில் பிறந்தவர் என்றும் பிறவாதவர் என்றும் அழைத்தார். அவர் காலத்தில் அதில் எவரும் முரண்பாடு காணவில்லை.

முரண்பாடு நான்காம் நூற்றாண்டில்தான் வெடித்தது. அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்த ஆரியுஸ், தம் ஆயராகிய அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதத்தில், கடவுள் ஒருவரே பிறவாதவர், அவர் ஒருவரே நித்தியர் என்று அறிக்கையிட்டார். தந்தை மட்டுமே பிறவாதவர் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் பிறவாதிருத்தலும் தொடக்கமில்லாதிருத்தலும் ஒன்றே எனக் கொண்டால், மகன் என்று சொல்லப்படும் கிறிஸ்து, பிறந்தவர் என்ற ஒரே காரணத்தால் தொடக்கமுடையவராகவும் படைப்புகளின் வரிசையில் முதல்வராகவும் ஆகிவிடுகிறார். நைசியா சங்கம் ஆரியுஸைக் கண்டித்தபோது, மகன் 'பிறந்தவர், ஆனால் படைக்கப்பட்டவர் அல்லர்' என்ற வேறுபாட்டை வலியுறுத்தியதன் உட்கருத்து, மேற்சொன்ன இரு வினையடிகளையும் பிரித்து நிறுத்துவதேயாகும். ஆரியுஸின் பரம எதிரியான அத்தனாசியுஸ், 'பிறவாதவர்' என்ற சொல்லையே ஐயத்தோடு பார்த்தார்: அது விவிலியத்தில் இல்லாதது, கிரேக்கரிடமிருந்து வந்தது, கடவுளை அவருடைய படைப்புகளோடு ஒப்பிட்டுப் பெயரிடுவது, 'தந்தை' என்ற பெயரோ மகனை வைத்து அமைவதாதலால் அதுவே பக்திக்கு ஏற்றது என்பது அவர் வாதம். நைசியாவின் 'ஓமோஊசியோஸ்' மட்டும் விவிலியத்தில் எங்கே இருக்கிறது என்று எதிரணியினர் கேட்டதும் நியாயமே. அதற்கு அத்தனாசியுஸ் சொல் இல்லாவிடினும் கருத்து உண்டு என்று விடையளிக்க வேண்டியதாயிற்று.

அடுத்த முப்பது ஆண்டுகளின் சங்கங்களையும் அறிக்கைகளையும் இங்கே விரிக்கத் தேவையில்லை. பேரரசர் கொன்ஸ்தான்சியுஸின் ஆட்சியில், 357இல் சிர்மியத்தில் வெளியான அறிக்கை உள்பொருளைக் குறிக்கும் சொற்களையே விலக்கிவிட, 360இல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய சங்கம், மகன் தந்தைக்கு 'ஒத்தவர்' என்ற, எல்லாருக்கும் இடம் கொடுப்பதாகத் தோன்றிய, ஆனால் எவரையும் நிறைவு செய்யாத வாய்பாட்டை அரசின் ஆதரவோடு நிறுவியது என்று அறிந்தால் போதும். இந்த மழுப்பலை இரு தரப்பிலும் வெறுத்தவர்கள் இருந்தனர். ஒரு தரப்பில் நைசியாவின் ஆதரவாளர்கள்; மறு தரப்பில் ஏத்தியுஸும் அவருடைய மாணவர் யூனோமியுஸும்.

சிரியாவில் எளிய குடும்பத்தில் பிறந்து, பொற்கொல்லராக வாழ்க்கையைத் தொடங்கி, மருத்துவமும் அரிஸ்டாட்டிலின் தருக்கமும் கற்று, அந்தியோக்கியாவில் திருத்தொண்டராக அருள்பொழிவு பெற்றவர் ஏத்தியுஸ். அவர் எழுதிய 'சிந்தக்மாத்தியோன்' என்னும் சிறுநூல் முப்பத்தேழு தருக்க வாய்பாடுகளால் ஆனது. ஏறக்குறைய ஒவ்வொன்றும் 'பிறவாதவர்' என்ற ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பி வைத்து, பிறவாத உள்பொருளும் பிறந்த உள்பொருளும் ஒன்றாக இருக்க முடியாது என்று நிறுவ முயல்கிறது. மந்திர உச்சாடனம்போல் வறண்ட அந்த நூல், அதை மறுப்பதற்காகவே தம் பெருநூலில் முழுமையாகப் படியெடுத்து வைத்த எப்பிபானியுஸ் என்னும் ஆயரால் இன்றுவரை தப்பிப் பிழைத்திருக்கிறது. எதிரிகள் ஏத்தியுஸுக்குச் சூட்டிய பட்டப்பெயர் 'கடவுளற்றவர்' என்பது. கடவுளைப் பற்றியே திரும்பத் திரும்ப எழுதிய ஒருவருக்கு அது விந்தையான பெயர்தான்.

கப்பதோக்கியாவின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த யூனோமியுஸ், ஏத்தியுஸின் எழுத்தராகப் பணியாற்றி, 360ஐ ஒட்டி, மர்மரா கடலின் தென்கரையிலிருந்த சிசிக்குஸ் நகரின் ஆயரானார். பதவியில் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆசிரியரின் வாய்பாடுகளைத் தெளிவான உரைநடையில் ஒழுங்குபடுத்தியவர் அவரே. அக்காலத்தில் அவர் எழுதிய 'தன்விளக்கம்' என்னும் நூலின் வாதம் படிப்படியாக இவ்வாறு செல்கிறது. கடவுள் தம்மாலோ பிறராலோ தோன்றியவர் அல்லர், ஏனெனில் தோற்றுவிப்பது தோற்றுவிக்கப்படுவதற்கு முந்தியிருக்க வேண்டும், கடவுளுக்கு முந்தியதோ எதுவுமில்லை. ஆகவே அவர் பிறவாதவர். இது மனிதர் தம் எண்ணத்தில் கற்பித்துக்கொண்ட பெயர் அன்று, ஏனெனில் எண்ணத்தாலும் நாவாலும் மட்டும் உண்டாகும் பெயர்கள் ஒலி அடங்கியதும் மறைந்துவிடும், கடவுளோ நம் பேச்சுக்கு முன்பும் பிறவாதவராகவே இருந்தார். இது ஓர் இன்மையைக் குறிப்பதும் அன்று, ஏனெனில் இயல்பாக இருக்க வேண்டிய ஒன்றை இழந்திருப்பதே இன்மை, கடவுள் எதையும் இழந்தவர் அல்லர். மேலும் கடவுள் பகுதிகளற்ற தனிப்பொருள். எனவே அவருடைய ஒரு பகுதிக்கு மட்டும் ஒரு பெயர் பொருந்தியது என்று கூற முடியாது. எஞ்சுவது ஒரே முடிவு: பிறவாமை என்பதே கடவுளின் உள்பொருள், அந்தப் பெயரைச் சரியாக அறிந்தவர் கடவுள் எது என்பதை அறிந்தவர்.

இந்த முடிவை ஏற்றபின் மற்றவை தாமாகவே தொடர்கின்றன. மகன் பிறந்தவர் என்பதால் அவருடைய உள்பொருள் தந்தையின் உள்பொருளுக்கு வேறானது. பிறவாத பொருள் தன்னைப் பங்கிட்டுக் கொடுக்க இயலாததாதலால், மகன் தந்தையின் இயல்பிலிருந்து அன்றி, அவருடைய விருப்பத்தின் செயலால் உண்டானவர். மற்ற எல்லாப் படைப்புகளுக்கும் மேலானவராய், அவற்றைப் படைக்கும் பணியாளராய் விளங்குபவர். தூய ஆவியோ மூன்றாம் நிலையில், மகன் வழியாக வந்தவர். 'ஒவ்வாதவர்' என்று பொருள்படும் சொல்லைக் கொண்டு எதிரிகள் இக்குழுவினரை 'அனோமோயர்' என்று அழைத்தனர். மகன் விவிலியம் கூறும் வகையில் தந்தைக்கு ஒத்தவர் என்பதைத் தாங்களும் ஏற்பதாகக் கூறிய அவர்களுக்கு அப்பெயர் உவப்பானதாக இல்லை. இக்காலப் பாடநூல்களில் சில 'புதிய ஆரியர்' என்று குறிப்பதும் தவறான எண்ணத்தைத் தரக்கூடியது. ஆரியுஸைப் பொறுத்தவரை கடவுள் சொல்லுக்கு எட்டாதவர்; மகனால்கூடத் தந்தையின் உள்பொருளை முழுதாக அறிய இயலாது. யூனோமியுஸின் போதனையோ இதற்கு நேர்மாறானது. கடவுள் தம்மைப் பற்றி அறிந்திருப்பதை விடக் குறைவாக நாம் அறிந்திருக்கவில்லை என்று அவர் சொன்னதாக ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சோக்ரட்டீஸ் பதிவு செய்கிறார்; அது எதிரியின் மிகைக்கூற்றாகவும் இருக்கலாம் எனினும், அவருடைய தருக்கம் சென்று சேரும் இடம் அதுவே.

யூனோமியுஸுக்கு முதல் பெரும் மறுப்பை எழுதியவர், பின்னாளில் செசாரியாவின் ஆயரான பேசில். 360களின் முற்பகுதியில் வெளிவந்த அம்மறுப்பு, எதிரி இழிவாகத் தள்ளிய 'எபினோயா' என்னும் கருத்தை, அதாவது மனம் ஒரு பொருளைச் சிந்தித்துச் சிந்தித்து அதன் வெவ்வேறு கூறுகளைப் பிரித்தறியும் செயலை, வாதத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது. கோதுமை மணி ஒன்றே. அறுவடையை நினைப்பவருக்கு அது விளைபொருள், விதைப்பை நினைப்பவருக்கு விதை, உண்பவருக்கு உணவு. இம்மூன்று பெயர்களும் ஒலியோடு மறைந்துவிடும் பொய்கள் அல்ல. அதே சமயம் எதுவும் கோதுமையின் உள்பொருளை எடுத்துக் காட்டுவதுமில்லை. கிறிஸ்து தம்மை வாயில் என்றும் வழி என்றும் அப்பம் என்றும் திராட்சைக் கொடி என்றும் அழைத்துக்கொண்டதும் இவ்வகையினதே என்கிறார் பேசில். இந்த அடித்தளத்தின் மேல் அவர் வைக்கும் தாக்குதல் கூர்மையானது. கடவுளின் வாழ்வைப் பின்னோக்கி நினைக்கும் மனம் தொடக்கத்தைக் காணாமல் 'பிறவாதவர்' என்கிறது. முன்னோக்கி நினைக்கும்போது முடிவைக் காணாமல் 'அழியாதவர்' என்கிறது. இரண்டும் எதிர்மறைச் சொற்கள், இரண்டும் ஒரே கடவுளைப் பற்றியவை. அப்படியிருக்க முதலாவது மட்டும் உள்பொருளின் பெயர் என்றும் இரண்டாவது அவ்வாறன்று என்றும் பிரிப்பதற்கு என்ன காரணம்? 'பிறவாதவர்' என்பது கடவுள் எவரிடமிருந்தும் வரவில்லை என்பதைச் சொல்கிறதே தவிர அவர் எது என்பதைச் சொல்லவில்லை.

எதிரணியினரிடமிருந்து இதற்கு எழுந்த கேள்வி இலேசானதன்று. நீங்கள் அறிந்ததை வழிபடுகிறீர்களா, அறியாததை வழிபடுகிறீர்களா என்று அவர்கள் வினவினர். அறிந்ததை என்றால் உள்பொருளைச் சொல்லுங்கள் என்பார்கள். அறியாததை என்றால் எதை வணங்குகிறோம் என்றே தெரியாதவர்கள் என்று நகைப்பார்கள். நண்பர் அம்பிலோக்கியுஸுக்கு எழுதிய கடிதங்களில் பேசில் இந்தப் பொறியிலிருந்து வெளிவரும் வழி, அறிதல் என்பது பலவகைப்பட்டது என்பதே: கடவுளின் செயல்கள் நம்மிடம் இறங்கி வருகின்றன, அவற்றால் அவரை அறிகிறோம், அவருடைய உள்பொருளோ எட்டாததாகவே நிற்கிறது. கிழக்குத் திருச்சபையில் பதினான்காம் நூற்றாண்டில் கிரகோரி பலமாஸ் விரிவாக வளர்த்த, கடவுளின் உள்பொருள் வேறு ஆற்றல்கள் வேறு என்னும் கோட்பாட்டின் வேர்களை ஆய்வாளர்கள் இங்கே காண்கின்றனர். பேசிலின் விடை யூனோமியுஸின் கேள்வியை முழுவதும் அடக்கிவிட்டதா என்பது வேறு. நம் சொற்கள் எதுவும் கடவுளின் இயல்பைத் தொடாவிடில், தந்தை, மகன் என்ற பெயர்கள் மட்டும் எப்படித் தொடுகின்றன என்ற ஐயம் அந்த விடைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

யூனோமியுஸ் பல ஆண்டுகள் கழித்தே பதிலெழுதினார். அந்த 'தன்விளக்கத்திற்கு விளக்கம்' முழுதாக வெளிவருமுன் பேசில் இறந்துவிட, மறுக்கும் பொறுப்பு அவருடைய தம்பி, நிசா நகரின் ஆயர் கிரகோரியிடம் வந்தது. 380ஐ ஒட்டித் தொடங்கிய அவருடைய மறுப்பு, மூல நூலைப் போலப் பல மடங்கு நீண்டது. சலிப்பூட்டும் பக்கங்களும் வெறும் வசையும் அதில் நிறைய. யூனோமியுஸின் தந்தையாரின் எளிய உழவுத் தொழிலையும் ஏத்தியுஸின் கைத்தொழிலையும் ஏளனம் செய்யும் பகுதிகள், செல்வமும் நிலமும் ஏதென்ஸ் கல்வியும் பெற்ற குடும்பத்தின் செருக்கையே காட்டுகின்றன. கைத்தொழிலாளரான தச்சரின் குடும்பத்தில் வளர்ந்தவரைப் பற்றிய விவாதத்தில் அது சற்றும் பொருந்தவில்லை. ஆனால் இரண்டாம் பகுதியில், பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்குக் கிரகோரி வந்து சேரும்போது நூலின் தரமே உயர்ந்துவிடுகிறது.

பொருள்களின் இயல்புக்கு ஏற்ற பெயர்களைக் கடவுளே ஏற்படுத்தினார், மனிதருக்குக் கற்பித்தவரும் அவரே என்பது யூனோமியுஸின் நிலை. பிளேட்டோவின் 'கிராத்தைலோஸ்' உரையாடலின் மயக்கத்தால் வந்த எண்ணம் இது என்று கிரகோரி இடித்துரைக்கிறார். வானம் ஒன்றே, அதற்கு எபிரேயர் ஒரு பெயர் வைத்தனர், கிரேக்கர் ஒரு பெயர் வைத்தனர், உரோமர் வேறொன்று வைத்தனர், கடவுளே பெயரிட்டிருந்தால் உலகம் முழுவதும் ஒரே மொழியல்லவா வழங்க வேண்டும்? ஒளி உண்டாகுக என்று கடவுள் கட்டளையிட்டதாகத் தொடக்கநூல் கூறுவதை, நாவும் காற்றும் கேட்பவரும் இல்லாத நிலையில் ஒலித்த ஒரு மொழியின் சொல்லாகக் கொள்வது, கடவுளைச் சிறுவருக்கு எழுத்துக் கற்பிக்கும் இலக்கண ஆசிரியராக ஆக்குவதாகும். விலங்குகளுக்குப் பெயரிட்டவன் ஆதாமே. பேசும் ஆற்றலைக் கடவுள் தந்தார், சொற்களை மனிதர் ஆக்கிக்கொண்டனர் என்பது கிரகோரியின் முடிவு. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் ஆயர் எழுதியது என்பதை மறந்து படித்தால், மொழியியலாளர் ஒருவரின் கூற்றாகவே தோன்றும். இதனோடு அவர் சேர்த்த மற்றொரு கருத்து இறையியலுக்கு இன்னும் ஆழமானது. எல்லையற்றதை உருவமற்ற குறையாகக் கருதும் போக்கு கிரேக்கச் சிந்தனையில் வலுவாக இருந்தது. கிரகோரியோ எல்லையின்மையைக் கடவுளின் நிறைவாகவே நிறுத்தினார். எல்லையில்லாததை எந்த வரையறையும் சுற்றி வளைக்க முடியாது. ஆகவே 'பிறவாதவர்' என்ற சொல் மட்டுமன்றி எந்தச் சொல்லுமே அதன் வரையறையாக ஆக முடியாது.

இப்போராட்டம் அறிஞர்களோடு நின்றுவிடவில்லை என்பதற்குக் கிரகோரியே சாட்சி. கான்ஸ்டான்டினோபிளில் 383இல் ஆற்றிய உரையில், காசு மாற்றுபவரிடம் சில்லறை கேட்டால் பிறந்ததையும் பிறவாததையும் பற்றி விளக்கம் கிடைக்கிறது, அப்பம் விற்பவரிடம் விலை கேட்டால் தந்தை பெரியவர், மகன் சிறியவர் என்ற விடை வருகிறது, வெந்நீர் ஆயத்தமா என்று குளிப்பிடத்தில் கேட்டால் மகன் இன்மையிலிருந்து வந்தவர் என்கிறார்கள் என்று அவர் குறைப்படுகிறார். நகைச்சுவைக்காக எடுத்தாளப்படும் இப்பகுதி, பாமர மக்களின் இறையியல் ஆர்வத்தைப் புகழ்வதற்காகச் சொல்லப்பட்டதன்று. பேசத் தகுதியற்றவர்கள் பேசுகிறார்கள் என்ற எரிச்சலே அதில் தொனிக்கிறது. மூன்றாண்டுகளுக்கு முன் அதே நகரின் அனஸ்தாசியா என்னும் சிற்றாலயத்தில், பேசிலின் நண்பர் நாசியான்சின் கிரகோரி ஆற்றிய ஐந்து இறையியல் உரைகளும் இதே எரிச்சலோடுதான் தொடங்குகின்றன. எனினும், பிறப்பின் வகை வேறானால் இயல்பும் வேறாகும் என்ற யூனோமியுஸின் அடிப்படையை மிகச் சுருக்கமாகத் தகர்த்தவர் அவரே: ஆதாம் கடவுளால் உருவாக்கப்பட்டவன், ஏவாள் அவனிலிருந்து எடுக்கப்பட்டவள், சேத் அவ்விருவருக்கும் பிறந்தவன், மூவரும் வந்த வழிகள் மூன்று, மூவரும் மனிதர். அந்தியோக்கியாவில் 386இல் யோவான் கிறிசோஸ்தோம் தொடங்கிய, கடவுளின் அறியவொண்ணா இயல்பைப் பற்றிய மறையுரைகளும் இக்குழுவினரை நோக்கியவையே.

யூனோமியரின் கதையில் இந்தியப் பெருங்கடலையும் தொடும் ஒரு கிளை உண்டு. ஏத்தியுஸின் நெருங்கிய தோழராகவும் பின்னர் ஆயராகவும் விளங்கிய தெயோபிலுஸ், 'திவா' என்னும் தீவிலிருந்து இளமையிலேயே பிணையாளாக உரோமப் பேரரசுக்கு அனுப்பப்பட்டவர். கொன்ஸ்தான்சியுஸ் அவரைத் தென் அரேபியாவின் இம்யார் அரசுக்குத் தூதராக அனுப்பினார், அங்கிருந்து அவர் தம் தீவுக்கும் இந்தியாவின் பிற பகுதிகளுக்கும் சென்று, அங்கிருந்த கிறிஸ்தவர்களின் சில வழக்கங்களைத் திருத்தினார் என்று யூனோமியப் பிரிவைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் பிலஸ்தோர்கியுஸ் எழுதியிருக்கிறார். அத்தீவை மாலத்தீவு என்றும் இலங்கை என்றும் சொக்கோத்ரா என்றும் அறிஞர்கள் பலவாறு கருதுவர். எதுவாயினும், 'பிறவாதவர்' பற்றிய விவாதத்தின் ஒரு கட்சிக்கு இந்தியர் என்று அழைக்கப்பட்ட ஒருவர் தூணாக இருந்தார் என்பது, அது கிரேக்கர்களின் உள்வீட்டுச் சண்டை மட்டுமே என்ற எண்ணத்தை அசைக்கிறது.

வெற்றியை முடிவில் உறுதி செய்தது தருக்கம் மட்டுமன்று. 381இல் கான்ஸ்டான்டினோபிள் பொதுச்சங்கத்தின் முதல் விதி யூனோமியரைப் பெயர் சொல்லிச் சபித்தது. அவர்கள் ஒரே முறை நீரில் மூழ்க்கித் திருமுழுக்குக் கொடுத்ததால், அது திருமுழுக்காகவே எண்ணப்படவில்லை. பேரரசர் தியோடோசியுஸ் 383இல் ஒவ்வொரு பிரிவினரிடமும் எழுத்தில் விசுவாச அறிக்கை கேட்டபோது யூனோமியுஸும் கொடுத்தார். பலனாகக் கிடைத்தது நாடுகடத்தல். யூனோமியக் கொள்கையுடைய, விரை நீக்கப்பட்ட பணியாளர்கள் உயில் எழுதவும் உயிலால் சொத்துப் பெறவும் கூடாது என்று 389இல் வந்த சட்டம், அரண்மனைக்குள்ளும் அக்கொள்கை பரவியிருந்ததை மறைமுகமாகக் காட்டிக்கொடுக்கிறது. யூனோமியுஸ் இறந்தபின், 398இல் அவருடைய நூல்களை எரிக்கவும், ஒளித்து வைப்போருக்கு மரண தண்டனை விதிக்கவும் ஆணை பிறந்தது. ஆயினும் 'தன்விளக்கம்' அழியவில்லை: பேசிலின் மறுப்பைப் படிப்போருக்கு மறுக்கப்பட்ட நூலும் தேவைப்பட்டதால், ஏடெழுதுவோர் இரண்டையும் சேர்த்தே படியெடுத்தனர். பின்னாளில் எழுதிய பதிலோ நிசாவின் கிரகோரி மேற்கோளாக வெட்டியெடுத்த துண்டுகளில் மட்டுமே கிடைக்கிறது. எந்த வரிகளை அவர் விட்டுவிட்டார் என்பதை இனி எவரும் அறிய வழியில்லை. ஆகவே யூனோமியுஸை எள்ளி நகையாடும் பழைய நூல்களைப் படிப்பவர், வழக்கின் ஒரு தரப்பு வழக்குரைஞரே மறுதரப்பின் சாட்சியத்தையும் வாசித்துக் காட்டுகிறார் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

சொல்லுக்கு நேர்ந்ததும் கவனிக்கத்தக்கது. அதை அத்தனாசியுஸ் விரும்பிய அளவுக்குத் திருச்சபை விலக்கிவிடவில்லை. எட்டாம் நூற்றாண்டில் மரபைத் தொகுத்து எழுதிய தமாஸ்கு யோவான், ஒற்றை 'நூ'வோடு எழுதினால் அது படைக்கப்படாததைக் குறிக்கும், அப்போது தந்தை, மகன், தூய ஆவி மூவருக்கும் பொருந்தும் என்றும், இரட்டை 'நூ'வோடு எழுதினால் பிறப்பிக்கப்படாததைக் குறிக்கும், அப்போது தந்தை ஒருவருக்கே பொருந்தும் என்றும் வகுத்து வைத்தார். கடவுள் எது என்பதன் முழு வரையறையாக யூனோமியுஸ் நிறுத்திய அந்தச் சொல், இந்த வகுப்பில், மூவரில் ஒருவர் மற்ற இருவரோடு எவ்வாறு உறவுற்றிருக்கிறார் என்பதைக் குறிக்கும் தனியடையாளமாகச் சுருங்கியது; கிழக்கிலும் மேற்கிலும் இறையியல் நூல்கள் இன்றும் அதைக் கையாள்வது அந்தப் பொருளில்தான்.